சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே

2011 அக்டோபரில் டெல்லி, ஃபார்முலா ஒன் காரை இரண்டு இடங்களில் பார்த்தது. மாதத் தொடக்கத்தில் ராஜ்பாத்தில். ரெட்புல் காரைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார்கள். மாதக் கடைசியில், 30ஆம் தேதி, யமுனை தாண்டி கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியன் கிராண்ட் பிரி. முதலாவதில் தெரு இருந்தது, பந்தயம் இல்லை. இரண்டாவதில் பந்தயம் இருந்தது, தெரு இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க, டெல்லிக்காரனான நான் 2024 வரை பொறுத்திருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதாயிற்று. கார்ப் பந்தயத்தில் ரசிக்க என்ன இருக்கிறது, நகரத் தெரு அதில் எதைக் கூட்டுகிறது என்பதெல்லாம் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

முதலில் ராஜ்பாத். இப்போது கர்த்தவ்ய பாத் என்று பெயர் மாறிவிட்ட அந்தச் சாலை, டெல்லியில் குடியிருப்பவர்களுக்கு வீட்டு முற்றத்துக்குச் சமம். ஜனவரியில் பீரங்கி வண்டிகளும் ஒட்டகப் படையும் போகும்; கோடை இரவுகளில் ஓரத்துப் புல்வெளியில் குழந்தைகளோடு உட்கார்ந்து குல்ஃபி சாப்பிடலாம். அங்கே ஒரு ரேஸ் கார் வந்தபோது முதலில் தாக்கியது சத்தம். அந்த நாளைய ஃபார்முலா ஒன் எஞ்சின் 2.4 லிட்டர் வி8. நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை போகும். நம் வீட்டுக் காரின் எஞ்சின் 6,000 சுற்றைத் தொட்டாலே பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஏதாவது சொல்வார். சத்தம் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. இந்தியா கேட்டைப் பார்த்துக் கார் பாய்ந்தது, திரும்பியது, பின்சக்கரத்தைச் சுழலவிட்டுப் புகை கிளப்பியது, கூட்டம் கைதட்டியது.

ஆனால் அது காட்சிதான். ஓட்டுபவருக்கு அங்கே இழக்க ஒன்றுமில்லை. முன்னால் துரத்த ஆள் இல்லை, பின்னால் துரத்துபவரும் இல்லை. நேர்ச் சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்துவது காரின் பெருமை. அதில் ஓட்டுநரின் பங்கு கொஞ்சம். எங்கே பிரேக் பிடிப்பது, எவ்வளவு தாமதிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது, எப்போது மறுபடி மிதிப்பது என்பதில்தான் அவருடைய வித்தை இருக்கிறது. இதெல்லாம் வளைவு இருந்தால்தான் நடக்கும். ராஜ்பாத்தில் வளைவு கிடையாது.

வளைவுகள் கிரேட்டர் நொய்டாவில் இருந்தன. ஜேபி குழுமம் கட்டிய புத்தா சர்வதேச சர்க்யூட்டை வரைந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் டில்கே. மலேசியா, பஹ்ரைன், ஷாங்காய் எல்லாம் அவர் கைவண்ணமே. ஒரு சுற்று 5.125 கிலோமீட்டர், 16 வளைவுகள், பந்தயத்துக்கு 60 சுற்று. தட்டையான கங்கைச் சமவெளியில் மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமும் உண்டாக்கியிருந்தார்கள். மூன்றாம் வளைவில் கார்கள் மேடேறி, அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்பாதையில் இறங்கி, நான்காம் வளைவுக்கு வந்து சேரும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி வந்த கார் அங்கே நம் ஊர் பைபாஸ் வேகத்துக்கு அடங்க வேண்டும்.

பந்தயம் பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் நேர்பாதைக்கு எதிரே இருக்கிற ஸ்டாண்டில்தான் டிக்கெட் கேட்பார்கள். விலையும் அங்கேதான் அதிகம். கார் ஒரு கோடாகக் கடந்துபோகும். தலையைத் திருப்புவதற்குள் போய்விடும். விஷயம் தெரிந்தவர்கள் நேர்பாதை முடிகிற இடத்துக்குப் போவார்கள். அங்கே ஓரத்தில் தூரத்தைக் காட்டும் பலகைகள் நட்டிருக்கும்: 150, 100, 50. ஒரு பலகையைக் கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் பலகைக்கு முன்னால் பிரேக் பிடிக்கிறார், யார் பலகையைத் தாண்டியும் பிடிக்காமல் போகிறார் என்று நாலைந்து சுற்று கவனித்தால் போதும், புள்ளிப் பட்டியல் தானாகவே கண் முன்னால் விரியும். வேகமான கார்தான் எப்போதும் தாமதமாகப் பிரேக் பிடிக்கும். அதோடு அதுதான் எல்லாவற்றிலும் நிதானமாகத் தெரியும். பின்வரிசைக் கார் முன்னதாகவே பிரேக் பிடித்தும் மூக்கை ஆட்டிக்கொண்டு, ஒரு முன்சக்கரம் பூட்டி நீலப் புகை விட்டு, தட்டுத்தடுமாறித் திரும்பும். டிவியில் இது தெரியாது. தூரத்திலிருந்து இழுத்துப் பிடிக்கிற லென்ஸ் மேட்டையும் பள்ளத்தையும் தட்டையாக்கிவிடும். கார் தண்டவாளத்தில் போவது போல இருக்கும். நேரில் பார்த்தால் அது நடுங்குவது தெரியும்.

காதுக்கும் வேலை இருந்தது. 2011இல் கார்களின் புகைபோக்கிக் காற்றைப் பின்பக்க அடித்தட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தக் காற்று காரைத் தரையோடு ஒட்ட வைக்கும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் காற்று நின்றுவிடக் கூடாது என்பதற்காக எஞ்சின் எரிந்துகொண்டே இருக்கும்படி செய்திருந்தார்கள். அதனால் வளைவுக்குள் நுழையும் நேரத்தில், அமைதி வர வேண்டிய இடத்தில், தகரத்தில் கல்லைக் கொட்டிய மாதிரி ஒரு கரகரப்பு வரும். ரெட்புல் காரில் அது தனியாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓட்டுநர் செபாஸ்டியன் வெட்டல் வருகிறார் என்று சொல்லலாம். அடுத்த வருஷமே விதியை மாற்றி அதை நிறுத்திவிட்டார்கள். டெல்லி அந்தக் கரகரப்பைக் கேட்டது அந்த ஒரு வருஷம் மட்டும்தான்.

அந்த முதல் பந்தய வார இறுதியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தீபாவளி முடிந்து நாலு நாள். புகைமூட்டத்தில் சூரியன் மங்கிய தட்டாகத் தொங்கியது. புது டிராக்கில் ரேஸிங் லைனை, அதாவது கார்கள் வழக்கமாகப் போகும் கோட்டை, விட்டு ஒரு சக்கரம் விலகினாலும் புழுதி எழும்பும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஒரு தெருநாய் டிராக்குக்குள் ஓடிவந்து சிவப்புக் கொடி காட்ட வைத்தது. ஞாயிறன்று, அந்த மாதத்தில்தான் பந்தயங்களில் உயிரிழந்திருந்த டான் வெல்டனுக்கும் மார்கோ சிமோன்செல்லிக்கும் ஒரு நிமிட மௌனம். பிறகு 60 சுற்று. முடிவில் சச்சின் கட்டம்போட்ட கொடியை அசைத்தார். ஜெயித்தவர் வெட்டல். கடைசிச் சுற்றில் முன்னணியில் பத்திரமாக இருக்கும்போது, யாரும் கேட்காமலே, 1 நிமிடம் 27.249 விநாடியில் பந்தயத்தின் அதிவேகச் சுற்றை ஓட்டிவிட்டு இறங்கினார். ரசிகனுக்கு இப்படிப்பட்ட தேவையில்லாத காரியம்தான் பிடிக்கும்.

ஆனாலும் கூட்டத்தின் பெரிய கூச்சல் அவருக்குக் கிடைக்கவில்லை. அது 17ஆவதாக வந்த நாராயண் கார்த்திகேயனுக்குப் போனது. கோயம்புத்தூர்க்காரர், 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அன்று அவர் கையில் இருந்தது எச்ஆர்டி என்னும் ஏழை அணியின் கார். ஒவ்வொரு சில சுற்றுக்கும் நீலக் கொடி காட்டுவார்கள்: பின்னால் வேகமாக வருகிறவருக்கு வழி விடு என்று அர்த்தம். வழி விடுவதும் ஒரு கலைதான். தன் நேரத்தை அதிகம் இழக்காமல், வருகிறவரையும் கெடுக்காமல், அழுக்குப் பக்கத்துக்குப் போய் டயரில் குப்பை ஒட்டிக்கொள்ளாமல் விட வேண்டும். நாராயண் அதைச் சுத்தமாகச் செய்துகொண்டே இருந்தார். ஸ்டாண்டில் இருந்தவர்கள் முதல் இடத்தை மறந்துவிட்டு 17ஆம் இடத்தைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சென்னையின் கருண் சந்தோக்கும் லோட்டஸ் காரில் ஓட்டினார். அந்த வார இறுதியில் டெல்லிக்குப் பக்கத்தில் ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்த இரண்டு இந்தியர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள்.

பந்தயத்தைக் கண்ணால் பார்ப்பது ஒன்று, மனசால் பின்தொடர்வது வேறொன்று. பின்தொடர்வதற்கான பாடம் 2013 அக்டோபர் 27 அன்று கிடைத்தது. விதிப்படி மழையில்லாத பந்தயத்தில் இரண்டு வகை டயரையும் பயன்படுத்தியாக வேண்டும். அன்று மென்டயர் வேகமானது, ஆனால் சில சுற்றிலேயே தேய்ந்துவிடும். நடுத்தரம் நிதானமானது, நெடுநேரம் தாங்கும். முதலிடத்தில் கிளம்பிய வெட்டல் இரண்டாவது சுற்று முடிந்ததுமே டயர் மாற்றும் பிட்டுக்குள் போய்விட்டார். மென்டயரைக் கழற்றி எறிந்துவிட்டு 17ஆம் இடத்தில் வெளியே வந்தார். என் பக்கத்தில் இருந்தவர் கார் கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். உண்மையில் பந்தயம் அப்போதுதான் ஆரம்பித்தது. நடுத்தர டயரில் கிளம்பிய அவருடைய அணித் தோழர் மார்க் வெப்பர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். வெட்டல் ஒவ்வொரு காராகத் தாண்டி வந்தார். திரையில் ஒரு வரிசை தெரியும். கணக்குப் போட்டால் வேறு வரிசை வரும். யார் இன்னும் பிட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, போனால் எத்தனை விநாடி போகும், எந்தக் காருக்குப் பின்னால் வந்து மாட்டுவார் என்று தலைக்குள் ஓடுகிற அந்த இரண்டாவது பந்தயம்தான் தேர்ந்த ரசிகனின் பந்தயம். ஆல்டர்னேட்டர் கோளாறால் வெப்பர் நின்றார். பதினேழாவதாகக் கிளம்பிய ரோமன் குரோஷான் ஒரே ஒரு டயர் மாற்றத்தோடு மூன்றாவதாக வந்தார். வெட்டல் ஏறத்தாழ அரை நிமிட இடைவெளியில் ஜெயித்து, நான்காவது முறை உலக சாம்பியன் ஆனார்.

பிறகு அவர் செய்ததைப் பார்த்த யாரும் மறக்கவில்லை. பந்தயம் முடிந்ததும் காரை நேராக அதற்கென ஒதுக்கிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது விதி. அவர் பிரதான ஸ்டாண்டுக்கு எதிரே வந்து, அதே இடத்தில் காரை வட்டவட்டமாகச் சுழற்றி டயர் புகையில் மூழ்கடித்தார். இறங்கி, காருக்கு முன் மண்டியிட்டுக் கும்பிட்டார். வேலியில் ஏறி, கையுறைகளைக் கூட்டத்துக்குள் வீசினார். அணிக்கு 25,000 யூரோ அபராதம், அவருக்கு ஒரு கண்டனம். இந்தியன் கிராண்ட் பிரியின் கடைசிக் காட்சியும் அதுவாகவே ஆனது. வரித் தகராறுகளில் சிக்கி மூன்றே வருஷத்தில் பந்தயம் நின்றது. மூன்றிலும் ஜெயித்தவர் வெட்டலே. மூன்றும் வி8 எஞ்சின் காலத்தில் நடந்தவை. 2014இல் சத்தம் அடங்கிய டர்போ ஹைபிரிட் வந்துவிட்டது. அந்த வகையில் டெல்லி கொடுத்துவைத்ததுதான்.

இவ்வளவு இருந்தும் புத்தா சர்க்யூட்டில் எனக்கு ஒரு குறை இருந்தது. கார் 300 கிலோமீட்டரில் போகிறது என்று திரை சொல்லும், நம்புவோம். ஆனால் அந்த வேகத்தை எதோடு ஒப்பிடுவது? சுற்றிலும் பரந்த வெளி. டிராக்குக்கு வெளியே இன்னொரு டிராக் அகலத்துக்குத் தார் போட்டிருக்கிறார்கள்; தவறு செய்கிறவர் அதில் போய்த் திரும்பி வந்துவிடலாம். நானோ என்னைச் சேர்ந்தவர்களோ அந்தச் சாலையில் ஒரு நாளும் போனதில்லை. அங்கே அழகு காருக்கும் காருக்கும் இடையில் இருந்தது. காருக்கும் இடத்துக்கும் இடையில் எதுவும் இல்லை.

சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்த இரவுப் பந்தயம் இந்தக் குறையைத் தீர்த்தது. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர், 19 வளைவுகள். கொடிமர இல்லச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம். 2023 டிசம்பரில் நடக்க இருந்ததை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட்டது. நடந்தபோதும் முதல் நாள் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் சான்றிதழ் வரத் தாமதமாகி, போட்டிகள் மறுநாளைக்குப் போயின. ஓடியது ஃபார்முலா ஒன் இல்லை. அதற்கு நாலு படி கீழே இருக்கிற ஃபார்முலா 4 கார்களும் இந்தியன் ரேஸிங் லீக் கார்களும். ஃபார்முலா 4 காரின் திறன் சுமார் 180 குதிரைத்திறன். நல்ல செடான் காரிலும் அது உண்டு. ஆனால் எல்லா அணிக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். வித்தியாசம் உள்ளே உட்கார்ந்திருக்கிற பையன் மட்டும்தான். தெருவில் ஓட்டுவதற்கு இது குறையே இல்லை, வசதி.

ஏனென்றால் தெரு பந்தயத்துக்காகப் போட்டதல்ல. மழைநீர் வடியட்டும் என்று நடுவில் உயர்த்தி ஓரங்களில் சரித்திருப்பார்கள். கார் அந்த முதுகைக் குறுக்கே கடக்கும்போது ஒரு கணம் கனமிழக்கும். ஜீப்ராக் கோட்டின் வெள்ளைப் பெயின்ட் வழுக்கும். பாதாளச் சாக்கடை மூடிகளை இறுக்கிப் பற்றவைக்க வேண்டும். காருக்கு அடியில் உண்டாகிற உறிஞ்சல் அவற்றைப் பெயர்த்தெடுத்துவிடும். 2023இல் லாஸ் வேகாஸில் முதல் பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களிலேயே அப்படி ஒரு மூடி கிளம்பி, கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி காரின் அடிப்பகுதியைச் சிதைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே சுவர். கான்கிரீட் கட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே கம்பி வலை கட்டி, தெருவின் இரண்டு பக்கத்தையும் அடைத்திருப்பார்கள். தப்பிப் போக இடம் கிடையாது.

நேப்பியர் பாலத்துப் பக்கம் ஒரு வளைவுக்கு எதிரே இடம் பிடித்திருந்தேன். விளக்கு வெள்ளத்தில் சுவர் பளிச்சென்று இருந்தது. முதல் சில சுற்றில் கார்கள் வளைவை விட்டு வெளியேறும்போது சுவருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம். தெரு இன்னும் பழகவில்லை. நேற்று வரை பஸ்ஸும் தண்ணீர் லாரியும் போன தார், எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்குகிறது. சுற்று கூடக் கூட டயர் ரப்பர் தாரில் படிந்து, கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. பிடிமானம் வந்தது. இடைவெளி ஒரு முழமானது. பிறகு சாணானது. வண்டி ஒன்றின் பின்சக்கரம் லேசாக வழுக்க, பையன் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டித் திருத்திக்கொண்டு போனான். ஹெல்மெட் கூட அசையவில்லை, கை மட்டும். வெள்ளைச் சுவரில் புதிதாக ஒரு கறுப்புக் கீற்று இருந்தது. அவன் அடுத்த சுற்றில் வந்தபோது கண்ணைச் சக்கரத்திலேயே வைத்திருந்தேன். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற எழுத்து ஒரு பக்கம் தேய்ந்திருக்கும் என்பது தெருப் பந்தய ரசிகர்களுக்குத் தெரிந்த அடையாளம். அந்த வேகத்தில் எழுத்தைப் படிக்க முடியாது, ஆனால் மங்கிய பட்டை தெரிந்தது. பயந்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன், பயப்படவில்லை. சுவரை விட்டுத் தள்ளியும் போகவில்லை, மறுபடி உரசவும் இல்லை. அதே சாண் இடைவெளிக்கு வந்தான். எத்தனை சாண் மிச்சம் என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

பக்கத்தில் இருந்தவர் ஆட்டோ ஓட்டுகிறவர். மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “சார், இந்தத் திருப்பத்துல நான் டெய்லி ரெண்டாவது கியருக்கு எறக்கிதான் சார் திரும்புவேன். அப்பவும் பின்னாடி ஒக்காந்திருக்கிறவங்க கம்பியப் புடிச்சிப்பாங்க. இவன் பாருங்க!” என்றார். மகன் பக்கம் திரும்பி, “டேய், பிரேக்கு எப்பப் புடிக்கிறான்னு பாருடா” என்றார். எனக்கு டெல்லியில் கிடைக்காத அளவுகோல் அவரிடம் இருந்தது. அந்த வளைவின் சரிவும் மேடும் அவர் இடுப்புக்குத் தெரியும். மழை பெய்தால் எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும் என்று தெரியும். அதனால் 200 கிலோமீட்டர் வேகம் என்றால் என்ன என்று அந்த ஸ்டாண்டில் இருந்த எல்லாரையும் விட அவருக்கு நன்றாக விளங்கியது. தெருப் பந்தயத்தின் சிறப்பு இதுதான் என்பேன்: ஓட்டுநரின் வித்தையை அளக்கும் கோலை அது பார்வையாளரின் உடம்பிலேயே வைத்துவிடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

இந்த அறிவு தமிழ்நாட்டில் பழையது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில், வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பந்தயம் பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அதை நடத்தியது. பிறகு அவர்களே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் கட்டினார்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்தப் பின்னணியில் வந்தவர்கள்தான் நாராயணும் கருணும். நடிகர் அஜித்குமார் ஃபார்முலா 2 வரை போய் ஓட்டினார் என்பதால் கார்ப் பந்தயம் பக்கம் திரும்பிய இளைஞர் கூட்டம் தனி. சென்னை ஸ்டாண்டுகளில் இந்த எல்லா வகையினரும் இருந்தார்கள். சோழவரத்துப் பெரியவர்கள் விசில் அடிக்காமல் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார்கள்.

உலகத்தில் தெருப் பந்தயத்துக்குத் தாய்வீடு மொனாக்கோ. 1929இல் தொடங்கியது, 3.337 கிலோமீட்டர், 78 சுற்று. அங்கே முந்திச் செல்வது அபூர்வம், சலிப்பாக இருக்கிறது என்று குறை சொல்வார்கள். அவர்கள் காருக்கும் காருக்கும் இடையில் தேடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது சுவரை. 1988இல் அயர்ட்டன் சென்னா, தகுதிச் சுற்றில் தன்னுடையது போலவே கார் ஓட்டிய அணித் தோழர் அலான் புரோஸ்ட்டை 1.4 விநாடி பின்னால் தள்ளினார். பந்தயத்தில் ஐம்பது விநாடி அளவுக்கு முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தவர், 67ஆவது சுற்றில், மெதுவாகப் போ என்று அணி சொன்ன பிறகு, போர்ட்டியே வளைவில் சுவரில் மோதினார். வேகமாக ஓட்டியபோது சுவர் அவரை விட்டுவைத்தது. கவனம் தளர்ந்தபோது விடவில்லை. 2008இல் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயமாகத் தொடங்கிய சிங்கப்பூர் இன்னொரு வகை. பாடாங், எஸ்பிளனேட், ஆண்டர்சன் பாலம் என்று அங்குள்ள தமிழர்கள் வேலைக்குப் போகிற வழியெல்லாம் டிராக் ஆகிறது. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா இ நடந்தது. ழான் எரிக் வெர்ன் ஜெயித்தார். எஞ்சின் சத்தம் இல்லாததால் அதில் டயர் கத்துவது கேட்கும். அதுவும் ஒரு சங்கீதம்தான், ஆனால் மறு வருஷமே நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது.

தெருவை மூடிப் பந்தயம் நடத்துவதை எல்லாரும் ரசிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னையில் டிராக்கைச் சுற்றி அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் எப்படிப் போகும், அரசுப் பணம் ஏன் போகிறது என்ற கேள்விகள் உயர் நீதிமன்றம் வரை போயின. நியாயமான கேள்விகள். ஒரு வார இறுதிக்காக ஊரே சுற்றிப் போகிறது என்றால், சுற்றிப் போகிறவருக்குப் பதில் சொல்லும் கடமை நடத்துகிறவர்களுக்கு உண்டு. ரசனை அந்தக் கணக்கைத் தீர்க்காது. ஆனால் நடப்பது என்று ஆகிவிட்ட பிறகு அதை அரைகுறையாகப் பார்ப்பதில் யாருக்கும் லாபமில்லை.

டெல்லியில் இது நடக்குமா என்று நண்பர்கள் கேட்பார்கள். இந்தியன் ரேஸிங் லீக்கில் ஸ்பீட் டீமன்ஸ் டெல்லி என்று ஓர் அணி இருக்கிறது; அது ஓடுவதற்கு டெல்லியில் ஒரு தெரு இல்லை. மனசுக்குள் நான் ஒரு டிராக் போட்டு வைத்திருக்கிறேன். இந்தியா கேட்டைச் சுற்றிய அறுகோணத்தில் கிளம்பி, கர்த்தவ்ய பாத்தில் முழு வேகம் எடுத்து, விஜய் சௌக்கில் கடுமையாகப் பிரேக் பிடித்து, ரைசினா மேட்டில் ஏறித் திரும்பி வர வேண்டும். படத்துக்குப் பிரமாதமாக இருக்கும். பந்தயத்துக்கு ஆகாது. புது டெல்லியை வடிவமைத்த லுட்யென்ஸ் அந்தச் சாலைகளை ஊர்வலத்துக்காகப் போட்டார். இரு பக்கமும் இவ்வளவு இடம் இருந்தால் சுவருக்கு வேலையில்லை. அணிவகுப்பு பார்க்கத் தோதான சாலை பந்தயம் பார்க்கத் தோதாக இருப்பதில்லை. கன்னாட் பிளேஸின் வெளிவட்டத்தைச் சேர்த்தால் கொஞ்சம் உயிர் வரும்: ஒரே திசையில் ஓயாமல் திரும்பிக்கொண்டே போகிற நீண்ட வளைவு, இடது பக்க டயர் கதறும். ஆனால் அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே டெல்லி ரசிகர்கள் வெளியூர் போக வேண்டும், அல்லது கைபேசியில் பார்க்க வேண்டும். கைபேசியில் பார்க்கிறவர்கள் கார்ப் படத்தை ஒரு பக்கமும், நேரப் பட்டியலை இன்னொரு பக்கமும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றை மூன்று துண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள். ஊதா என்றால் எல்லாரிலும் வேகம், பச்சை என்றால் அவருடைய சொந்த வேகத்தில் முன்னேற்றம், மஞ்சள் என்றால் பின்னடைவு. ஒருவருக்கு மூன்று துண்டும் பச்சையாகவே வந்துகொண்டிருந்தால், திரையில் அவர் தெரியாவிட்டாலும், இன்னும் ஐந்து சுற்றில் தெரியப்போகிறார்.

நேரில் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பயிற்சி நாளில் டிக்கெட் மலிவு, கூட்டம் குறைவு. தெரு பழகுவதையும், சுவரின் இடைவெளி சுருங்குவதையும் அன்றுதான் பார்க்க முடியும். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாள் காலையில், சாலையை மூடுவதற்கு முன்னால், அந்த வழியில் ஒரு முறை ஆட்டோவில் போய் வாருங்கள். ஓட்டுபவரிடம் எந்தத் திருப்பம் மோசம் என்று கேளுங்கள். அவர் சொல்கிற திருப்பத்துக்கு எதிரே இடம் வாங்குங்கள். நேர்பாதை டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.